உள்ளே இருப்பது வேறு

நாங்கள் டத்தோ கிராமாட்டில் குடியேறிய முதல் தீபாவளியன்று, பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு பெயிண்ட் டின்னைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். மூடியில் வெளிர்பச்சை வட்டம் அச்சடித்திருந்தது. எங்கள் வீட்டுச் சுவர் மங்கிக் கிடப்பதைத்தான் இப்படிச் சொல்லாமல் சொல்கிறார் என்று என் கணவர் எடுத்துக்கொண்டார். அவருக்குக் கொஞ்சம் கோபம்கூட. டின்னைப் பின்பக்கம் ஏணிக்கு அடியில் தள்ளிவிட்டோம். பொங்கல் நெருங்கும்போது ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி அண்ணன் என்னிடம் கேட்டார், முறுக்கு எப்படி இருந்தது என்று.

ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடி, ஸ்பூன் காம்பால் மூடியை நெம்பிப் பார்த்தேன். முறுக்கும் அதிரசமும் நெய் உருண்டையும் அடுக்கடுக்காக இருந்தன. மற்றதெல்லாம் கெட்டுப்போயிருந்தது, முறுக்கு மட்டும் மொறுமொறுவென்று அப்படியே இருந்தது. டின் புதியது, பெயிண்ட் படாதது, கடையில் சொல்லிவைத்து வாங்கியது என்று அவர் மனைவி பிறகு விளக்கினாள். பெயிண்ட் டின் மூடியைப் போலக் காற்றை அடைக்கும் மூடி உலகத்தில் இல்லை என்பது அண்ணனின் முடிவு.

அந்த வீட்டில் எதுவும் அதற்குரிய பாத்திரத்தில் இருக்கவில்லை. சோயா சாஸ் போத்தலில் நல்லெண்ணெய். நல்லெண்ணெய் டின்னில் துணி சோப்புத் தூள். ஷாம்பு போத்தலில் தேன். முகப்பவுடர் டப்பாவில் விபூதி, விபூதிக் கிண்ணத்தில் சைக்கிள் ஆணி. இதைச் சிக்கனம் என்று நான் முதலில் நினைத்தேன். சிக்கனம் இல்லை, கொள்கை. கடையிலிருந்து எது வந்தாலும் அன்றைக்கே அதை வேறொன்றில் மாற்றிவிடுவார். விற்றவன் தன் வசதிக்கு ஊற்றிய போத்தலில் அது ஏன் கிடக்க வேண்டும், போத்தலில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் படித்துப் பிழைக்கிற ஆள் தான் இல்லை என்பார். எதைத் திறப்பதற்கு முன்னும் காதருகே வைத்து ஒருமுறை குலுக்குவார். அந்தச் சத்தத்திலேயே உள்ளே இருப்பது தெரிந்துவிடுமாம்.

இதில் வேடிக்கை அவருடைய வேலைதான். தினமும் காலையில் மோட்டார் சைக்கிளோடு பெர்ரிப் படகில் ஏறி, எங்கள் தீவிலிருந்து பட்டர்வொர்த் போய், துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டினார். சுற்றிலும் கொள்கலன்கள் மலைபோல நிற்கும். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதியிருக்கும். அந்தத் தாளைத்தான் தன் வாழ்நாளில் ஒருநாளும் நம்பியதில்லை என்று பெருமையாகச் சொல்வார். பொம்மை என்று எழுதிய பெட்டியிலிருந்து ஒருமுறை உப்புக் கருவாடு வாசம் வந்ததாம்.

அக்கா, அவர் மனைவி, அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு அவரைக் கூப்பிடுவாள். "ஏங்க, மல்லித்தூள் எதுல இருக்கு?" அவர் திருப்தியாக எழுந்து வந்து, ஏதோ ஒரு காப்பி டின்னை எடுத்து, குலுக்கிக் காட்டி, கொடுத்துவிட்டுப் போவார். அவர் வேலையில் இருக்கும்போது இவள் எப்படிச் சமைக்கிறாள் என்று நான் யோசித்ததில்லை. யோசித்திருக்கலாம்.

அவர் கணக்கு தப்பியதாக எங்கள் வீட்டு வரிசையில் எல்லோருக்கும் நினைவிருப்பது ஒன்றுதான். அவர்கள் வீட்டில் ஒரு பூஜை. ஐயர் பன்னீர் கேட்டார். அக்கா ஒரு போத்தலை எடுத்து நீட்டினாள். அது இல்லை என்று அண்ணன் அவள் கையை விலக்கிவிட்டு வேறொன்றை எடுத்து, குலுக்கி, தானே செம்பில் ஊற்றினார். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டே வந்திருந்தவர்கள் தலையில் எல்லாம் மீன் சாஸைத் தெளித்தார். மூன்றாவது வரிசைக்குப் போகும்போதுதான் வாசம் முதல் வரிசைக்கு எட்டியது. பட்டுப்புடவைக்காரர்கள் எழுந்து குழாயடிக்கு ஓடினார்கள். அண்ணன் மட்டும் உட்கார்ந்த இடத்தில் அசையாமல், யாரோ போத்தலை இடம் மாற்றியிருக்கிறார்கள் என்றார். தான் எடுத்தது பன்னீர்தான், அது வந்து சேர்ந்தது வேறாக இருந்தால் அதற்கு அவர் என்ன செய்வார்.

இப்படிப்பட்டவரிடம் நாங்கள் ஒரு உதவி கேட்டோம். எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் கால்வாயோரம் லாலாங் புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. வெட்ட ஆள் வரவில்லை. ஒரு வீட்டுக் குளியலறைக்குள் பாம்பு வந்த பிறகு, எல்லோரும் கூடிப் பேசி அண்ணனிடம் விட்டோம். கடலுக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில், ஏதோ பழைய தோட்டத்து ஸ்டோரில் அவருக்கு ஆள் பழக்கம். அங்கிருந்து புல்லு மருந்து கொண்டுவந்தார். அந்த மருந்தை அரசாங்கம் தடை செய்தாயிற்றே என்று என் கணவர் தயங்கினார்.

"தடை பண்ணிட்டான்னா நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம் லா," என்றார் அண்ணன்.

அவர் சொன்னது ஒருவகையில் சரிதான். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மாலையில் அடித்தார். மறுநாளே புல் பழுத்து, அதற்கடுத்த நாள் தீய்ந்தது போல் சாய்ந்துவிட்டது. எல்லோரும் அவரைப் பாராட்டினோம். மீந்ததை என்ன செய்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் எங்களுக்குத் தெரிந்ததுதான். அது ஒரு பழைய ஸ்டவுட் பீர் போத்தலுக்குப் போய்விட்டது.

இன்னொரு ஸ்டவுட் போத்தலில் அவருடைய இருமலுக்கான கசாயம் இருந்தது. இரண்டும் ஒரே பழுப்புக் கண்ணாடி. அதற்கும் அவர் ஏற்பாடு செய்துதான் வைத்திருந்தார். குடிக்கிறதென்றால் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்ட். குடிக்கக் கூடாததென்றால் இரண்டு. இந்த ஊர் வெயிலில் ஜன்னலோரம் இருக்கும் ரப்பர் பேண்ட் எத்தனை நாள் தாங்கும் என்பது மட்டும் அந்த ஏற்பாட்டில் இல்லை. இரண்டில் ஒன்று அறுந்து விழுந்தது. விஷப் போத்தல் குடிக்கிற போத்தலாகிவிட்டது.

அன்று அவருக்குச் சளி, மூக்கு அடைத்திருந்தது. காலையில் வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் ஒரு மடக்கு வாயில் ஊற்றி, பாதியை விழுங்கிவிட்டு மீதியைத் துப்பினார். என்ன என்று அக்கா கேட்டதற்கு, கசாயம் புளித்துவிட்டது என்றார். வாயைக் கொப்பளித்துவிட்டு, பெர்ரி ஏறி வேலைக்குப் போய், வழியில் வாந்தி எடுத்து, அன்று முழுக்கக் கொள்கலன் தூக்கிவிட்டு வந்தார். மறுநாள் நாக்கும் உதடும் வெந்தது போலப் புண்ணாகிவிட்டன. சூடாகத் தேநீர் குடித்துவிட்டேன் என்றார். அதற்கும் மறுநாள் எச்சில் விழுங்க முடியவில்லை. அக்கா வேலியோரம் வந்து என்னைக் கூப்பிட்டாள். எங்கள் காடியின் கதவைத் திறந்து அவரை ஏற்றி, நானே ஓட்டினேன். போகிற வழியெல்லாம் பின்சீட்டிலிருந்து, வெறும் உடல் சூட்டுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று குழறிக்கொண்டே வந்தார்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் தமிழ்ப்பெண். அவர் நாக்கைப் பார்த்ததுமே அவள் முகம் மாறியது. புல்லு மருந்து, பூச்சி மருந்து ஏதாவது வாயில் பட்டதா என்று கேட்டாள். இல்லை, கசாயம்தான் என்றார். அந்தப் போத்தலைக் கொண்டுவரச் சொன்னாள்.

நானும் அக்காவும் திரும்பி வந்து சமையலறையில் நின்றோம். ஜன்னல் திண்டில் மட்டும் எத்தனையோ போத்தல்கள். எதை விடுவது என்று பயந்து, கண்ணில் பட்டதையெல்லாம் துணிக்கூடையில் போட்டுத் தூக்கிப் போனோம். தாதிகள் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்கள். டாக்டர் ஒரு சோயா சாஸ் போத்தலைத் தூக்கினாள்.

"அது நல்லெண்ணெய்," என்றார் அண்ணன், படுக்கையிலிருந்தே.

அடுத்தது வினிகர் போத்தல். மண்ணெண்ணெய் என்றார். குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்துப் போத்தல். தையல் மெஷின் எண்ணெய். ஒரு தாதி மூடியை லேசாகத் திறந்து மோந்து பார்த்து, ஒவ்வொரு முறையும் ஆமாம் என்று தலையசைத்தாள். வாய் முழுக்கப் புண்ணோடு, ஒன்றுகூடத் தப்பாமல் சொல்லிக்கொண்டே வந்தார். பரிசு வாங்கும் மாணவன் மாதிரி முகம் இருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரரின் உறவினர்கள்கூடத் திரும்பி நின்று பார்த்தார்கள்.

பிறகு டாக்டர் ஒரு ஸ்டவுட் போத்தலை எடுத்தாள். கழுத்தில் ஒரு ரப்பர் பேண்ட்.

"கசாயம்," என்றார்.

அவள் அதை வைத்துவிட்டு இன்னொரு ஸ்டவுட் போத்தலை எடுத்தாள். அதன் கழுத்திலும் ஒரே ஒரு ரப்பர் பேண்ட்.

அண்ணன் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு போத்தல் கசாயம் வச்சிருந்தீங்களா அங்கிள்?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டாள்.

அவருடைய சிறுநீரைச் சோதித்தார்கள். குழாயில் அது கருநீலமாக மாறியது, புல்லு மருந்து உள்ளே போனதற்கு அடையாளம். டாக்டர் அதை மறைக்கத்தான் பார்த்தாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டார். அப்புறம் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விழுங்கியது கொஞ்சம்தான், ஆனால் நாள் கடந்துவிட்டது என்றார்கள். இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். ஊசிகள் போட்டார்கள். சில நாட்களில் வாய்ப்புண் ஆறத் தொடங்கி, கஞ்சி குடித்தார். சிறுநீரகமும் தேறி வந்தது. பிழைத்துவிட்டார் என்று வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோரும் நினைத்தோம். அப்போதுதான் மூச்சு வாங்க ஆரம்பித்தது. கழிப்பறைக்குப் போய்வந்தால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். விரலில் மாட்டிய கருவியில் எண் தினமும் இறங்கியது. ஆனால் ஆக்சிஜன் தரவில்லை. பக்கத்தில் எல்லோர் மூக்கிலும் குழாய் இருந்தது. மூச்சுக்குத் தவிக்கிற இவருக்கு மட்டும் இல்லை.

அக்காவின் தம்பிக்கு இது பொறுக்கவில்லை. செபராங் ஜெயாவில் ஏர்கான் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். குரல் எப்போதும் ஏர்கான் ஓடும் அறையில் பேசுவது போலத்தான் இருக்கும். ஆஸ்பத்திரிக்காரர்கள் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள் என்று அவர் முடிவு கட்டினார். தெரிந்த வெல்டிங் பட்டறையிலிருந்து ஆளுயரக் கறுப்பு சிலிண்டர் ஒன்றைத் தூக்கி லாரியில் போட்டுக்கொண்டு, பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்துவிட்டார். நான் அப்போது வாசலில்தான் இருந்தேன்.

மலாய்க்காரக் காவலாளி லாரியை நிறுத்தி இது என்ன என்று கேட்டார். அத்தானுக்கு ஆக்சிஜன் என்றார் தம்பி. வெல்டிங் ஆக்சிஜனை உள்ளே விட முடியாது, உள்ளே ஆஸ்பத்திரி ஆக்சிஜன் நிறையவே இருக்கிறது என்று காவலாளி பொறுமையாகச் சொன்னார். இருந்தால் ஏன் கொடுக்கவில்லை என்று தம்பி கேட்டார். காவலாளிக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. அவர் தன் அதிகாரியைக் கூப்பிட்டார். அதிகாரிக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் சிலிண்டரைச் சுற்றி ஒரு கூட்டமே நின்று, ஏன் கொடுக்கவில்லை என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு கிழவர் தன் மனைவிக்கும் கொஞ்சம் கிடைக்குமா என்று விசாரித்தார்.

கடைசியில் சிலிண்டர் லாரியிலேயே நிற்க, தம்பி மட்டும் வார்டுக்குப் போய் டாக்டரிடம் சத்தம் போட்டார். அவள் அவரை உட்காரவைத்துச் சொன்னாள்.

"அந்த மருந்து நுரையீரல்ல போய்த் தங்கிடும். அங்க ஆக்சிஜன் கூடக் கூட அது இன்னும் அதிகமா அரிக்கும். எரியற எடத்துல விசிறி விட்ட மாதிரி. நுரையீரல் தழும்பாகி இறுகிடும். அதனாலதான் தாங்கற வரைக்கும் குடுக்காம இருக்கோம்."

மூச்சு முட்டுகிறவனுக்குக் காற்று கொடுத்தால் செத்துப்போவானா, இந்தக் கதையை யாரிடம் சொல்கிறீர்கள் என்று தம்பி எழுந்தார். எனக்கும், உண்மையைச் சொன்னால், நம்புவதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அக்கா அழுதுகொண்டிருந்தாள். அங்கே அதைக் கேட்டு ஆச்சரியப்படாத ஆள் ஒருவர்தான்.

"டாக்டர் சொல்றது சரி," என்றார் அண்ணன், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சை இழுத்து. "போத்தல்ல ஆக்சிஜன்னு எழுதியிருக்கும். உள்ள போனா அது வேற. இதுல என்ன இருக்கு?"

டாக்டர் சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். இன்னொருவர் சொன்னதை அவர் சரி என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தம்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அத்தானுக்கு மூளையிலும் மருந்து ஏறிவிட்டது என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார். ஆனாலும் தினமும் வந்தார். தினமும் தாதிகளிடம் ஆக்சிஜன் கேட்டார். இல்லை என்றதும் கட்டிலருகே உட்கார்ந்து அத்தானின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருப்பார்.

அதற்குப் பிறகு அண்ணன் அதிகம் பேசவில்லை, பேச மூச்சு இல்லை. இருந்த மூச்சை எல்லாம் ஒரே விஷயத்துக்குச் செலவழித்தார். அக்கா போய் உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார். மல்லித்தூள் காப்பி டின். காப்பித்தூள் பால்மாவு டின். சிவப்பு மூடியில் இருப்பது பாத்ரூமுக்கு, அதைத் தொடாதே. அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே இருப்பாள். நடுவில் மறந்ததுபோல், சீரகம் எதில் என்று கேட்பாள். அவர் கண்ணை மூடி, மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொல்வார்.

ஒருநாள் வீட்டுக்குத் திரும்பும்போது காடியில் அவளிடம் கேட்டேன், இத்தனையையும் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று. நான் வேண்டுமானால் உதவுகிறேன், எல்லாவற்றையும் சரியான டப்பாவில் மாற்றிவிடலாம் என்றேன்.

"எனக்கு எல்லாம் தெரியும் மா," என்றாள். "கல்யாணம் ஆன மறு வருஷமே தெரியும். கேட்டா அவருக்குச் சந்தோசம். அதான் கேட்டுக்கிட்டு இருந்தேன்." கொஞ்ச தூரம் போனபின், "அந்தப் போத்தல் ஒன்னுதான் தெரியல," என்றாள்.

பிறகு ஒரு காலையில் டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டாள். துணைக்கு நானும் போனேன். நுரையீரல் இரண்டும் இறுகிவிட்டன, இனி மாற்றுவதற்கு எதுவும் இல்லை, இதற்குமேல் அவரைத் தவிக்கவிட வேண்டாம், ஆக்சிஜன் கொடுக்கப்போகிறோம் என்றாள். கொடுத்தால் அவருக்குச் சுலபமாக இருக்கும் என்று மட்டும் சொல்லி நிறுத்தினாள். அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரி டாக்டர், குடுங்க என்றாள்.

நாங்கள் திரும்பி வருவதற்குள் முகமூடி மாட்டியிருந்தார்கள். தம்பி வந்துவிட்டிருந்தார். அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. முகமூடியையும் அதில் புகைபோல் ஓடும் காற்றையும் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். பட்டர்வொர்த்தில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு, ஈப்போ சொந்தக்காரர்களுக்கு, கடை ஆட்களுக்கு எல்லாம் சொன்னார். குடுத்துட்டாங்க, கடைசில குடுத்துட்டாங்க, விடாம கேட்டேன்ல என்று அவர் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. மதியத்துக்குள் உறவினர்கள் ஆரஞ்சுப் பழப் பைகளோடு வந்து இறங்கினார்கள். எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று ஒரு மாமி என்னைக் கேட்டாள். தம்பி தாதிகளுக்குத் தின்னக் கறிபாப் வாங்கிக்கொடுத்து, ஒவ்வொருவரிடமும் முன்பு சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். அவர்கள் வாங்கிக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

நான் அவரை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

அண்ணனுக்கு விஷயம் தெரிந்திருந்தது. அவர் அக்காவைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு அது புரிந்தது. ஆக்சிஜன் வந்ததும் நெஞ்சு கொஞ்சம் இளகி, பல நாட்களுக்குப் பிறகு தலையணையில் நன்றாகச் சாய்ந்திருந்தார். தம்பி கட்டிலருகே வந்து குனிந்து, இப்ப எப்படி இருக்கு அத்தான், நல்லா இருக்கா என்று கேட்டார்.

அண்ணன் முகமூடியை ஒரு விரலால் தூக்கினார். தாதி தடுக்க வந்தாள், அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ சொன்னதுதான் சரி," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "மொதல்லயே குடுத்திருக்கணும்."

தம்பி அங்கேயே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். அவர் சத்தமில்லாமல் எதையாவது செய்து நான் பார்த்தது அப்போதுதான். அண்ணன் முகமூடியை இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் மதியத்துக்கு முன் போய்விட்டார்.

தம்பி இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைப் பார்க்க வருகிறார். ஆஸ்பத்திரியில் தாமதமாகக் கொடுத்துவிட்டார்கள், இன்னும் கொஞ்சம் முன்னால் கொடுத்திருந்தால் அத்தான் எழுந்து நடந்திருப்பார் என்று வந்தவர் போனவரிடம் எல்லாம் சொல்வார். அத்தானே தன் வாயால் ஒத்துக்கொண்டார், பக்கத்து வீட்டு அக்காவைக் கேளுங்கள் என்று என்னையும் சாட்சிக்கு இழுப்பார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆமாம், அப்படித்தான் சொன்னார், நானே கேட்டேன் என்பேன். அக்கா அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பாள்.

"ஆமா தம்பி," என்பாள். "நீதான் கேட்டு வாங்கிக் குடுத்த."